தொழுவத்தில் நிற்கும் ஹெரால்டு

போன மாசம் சென்னையிலிருந்து குற்றாலத்துக்கு வந்த ஒரு தம்பி அப்படியே நம்ம வீட்டுக்கும் வந்தார். வயலைப் பார்த்தார், கிணத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போனவர் அங்கேயே நின்னுட்டார். "அண்ணே, மாட்டுக்குப் பக்கத்துல என்ன இது, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்டார்.

"வெளிநாடு இல்ல தம்பி, உங்க தாம்பரத்துக்குப் பக்கத்துல செஞ்சது" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் வீட்டில் இப்போது நடக்கிற ஒரு வழக்கும் இதில் இருக்கிறது.

அந்தக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு. எங்க சித்தப்பா செங்கோட்டையில் ஒரு அரிசி ஆலை முதலாளிக்கு டிரைவராக இருந்தார். இங்கிருந்து மலை ஏறினால் கேரளா. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அரிசி போகிற ஊர்களுக்கெல்லாம் முதலாளி கணக்குப் பார்க்கப் போவார். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே. எல்லை மாறினாலும் ஏவாரம் மாறவில்லை. 1979ல் முதலாளி வேறு வண்டி வாங்கியபோது இதைச் சித்தப்பா கையில் கொடுத்தார். பிள்ளை இல்லாத சித்தப்பா 2009ல் காலமானபோது கார் என்னிடம் வந்தது. ஒன்பது வருஷம் தொழுவத்தில் வைக்கோலுக்கு நடுவில் கிடந்தது. கோழி முட்டை வைத்தது. 2018ல்தான் எனக்கும் என் மகனுக்கும் அதை எழுப்பணும் என்று ஒரு கிறுக்குப் பிடித்தது.

இப்போ கொஞ்சம் சரித்திரம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் என்று ஒரு கம்பெனி. அவர்கள் புதிதாக ஒரு சின்னக் கார் செய்ய நினைத்தபோது ஒரு சிக்கல். அவர்களுக்குக் காரின் உடம்பை, அதாவது பாடியை, அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் அடியில் தனியாக ஒரு சேஸ், அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முறுக்குகிற மாதிரி செய்தார்கள். அழகு பார்த்து வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் வெளியே வந்தது. சலூன் ஒன்று, கூப்பே ஒன்று. இரண்டுக்கும் அதே 948 சிசி எஞ்சின். சலூனுக்கு ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர், கூப்பேக்கு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். சலூனுக்கு 35 குதிரைச் சக்தி பக்கம், கூப்பேக்கு அதைவிட அதிகம். 1962ல் இதே சேஸைச் சின்னதாக்கி ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அது உலகம் முழுக்க ஓடியது. நம்ம தொழுவத்தில் நிற்பது அந்த ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை. சென்னைத் தம்பி ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்ததில் தப்பில்லை.

சரி, கவென்ட்ரி கார் செங்கோட்டைக்கு எப்படி வந்தது?

1948ல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி தொடங்கியது. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென் எல்லாம் இங்கே பூட்டினார்கள். 1950களின் நடுவில், இங்கேயே பாகங்கள் செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று அரசாங்கம் கொள்கை வைத்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. கார் என்றால் கல்கத்தா பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், மெட்ராஸ் ஸ்டாண்டர்டு என்று ஆனது. 1961ல் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டைக் கொண்டுவந்தது. 35 குதிரைச் சக்தி பக்கம் உள்ள அந்தச் சின்ன எஞ்சின்தான். பிறகு நம்ம நாட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று, இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்டையும் மெட்ராஸிலேயே செய்தார்கள்.

எங்க ஊரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலம் வண்டலூரும் பெருங்களத்தூரும் தாண்டித்தான் தாம்பரம் வரும். கார் பிறந்த இடத்தில் இப்போ ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடியும் நிற்கின்றன. அங்கே வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், உங்க காலடியில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளி ஏன் ஹெரால்டை வாங்கினார் என்று சித்தப்பா சொல்லுவார். "ஏல, மாட்டு வண்டிய திருப்புற எடத்துல இதத் திருப்பிரலாம்ல." பொய் இல்லை. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். நம்ம ஊர்ச் சந்துக்கு அது பெரிய காரியம். அடுத்தது பானெட். முன்பக்கம் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியாக நிற்கும். சித்தப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். கார்புரேட்டர் வாய்க்குப் பக்கத்தில் பீடி. அந்தக் காலத்துத் தைரியம் அது.

குறையையும் சொல்லணும். பின்னால் டிஃபரன்ஷியல் பெட்டி நடுவில் அசையாமல் இருக்கும். இரண்டு பக்க அச்சும் கோழி இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் சுகமாகப் போகும். ஆனால் வளைவில் வேகமாகப் போய் நடுவில் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமாக மடங்கி, கார் வால் சுழற்றும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போகணும். புளியரை எஸ் வளைவில் ஒரு மழைநாள் சித்தப்பா இதை மறந்தார். கார் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. நான் பின் சீட்டில் இருந்தேன், பத்து வயசிருக்கும். சித்தப்பா இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, "வண்டி மேல தப்பில்லடே, என் கால் மேலதான்" என்றார். வீட்டில் சொல்லாதே என்று பார்டரில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

நம்ம நாட்டு டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆடுகிற அச்சு பிடிக்கவே இல்லை. 1972ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெசல் காரில் கம்பெனியே அதை எடுத்துவிட்டு, ஒரே தண்டாக உள்ள அச்சைப் போட்டது. எஞ்சின் அதே 948. கெசலும் 1977 வரைதான்.

அதே காலத்தில் மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில் இன்னொரு கூத்து நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார், பைக் ரேஸ் விட்டது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வழியில்லாதவர்கள் கையில் இருந்த ஃபியட்டையும் ஹெரால்டையும் மாற்றினார்கள். சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது, காற்று போகிற வாசலை அரத்தால் அகலப்படுத்துவது, கார்புரேட்டரைக் கூட்டுவது, பாடியின் எடையைக் குறைப்பது. எல்லாம் லேத்துப் பட்டறை வேலைதான். அந்த வழியில்தான் கோயம்புத்தூரில் கரிவரதன் வந்தார். மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்து, பணக்காரர் அல்லாத பையன்களும் ஓட்டலாம் என்று ஆக்கினார். 1995ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில் இருப்பதுதான். 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான்.

அது வேகத்துக்காகச் செய்த மாற்றம். எங்க பக்கத்தில் நடந்தது வேறு மாற்றம், உயிர் பிழைக்கச் செய்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தென்காசியில் எங்க அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சித்தப்பாவின் கூட்டாளி. பட்டறைக்குப் போர்டு கிடையாது. ஹெரால்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வருவது நின்ற பிறகு இந்தப் பக்கத்து ஹெரால்டுகளை ஓட வைத்தவர் அவர்தான். புஷ் தேய்ந்தால் பித்தளையில் கடைந்து போடுவார். ரேடியேட்டரைப் பிரித்து உள்ளே புதுசு வைத்துப் பற்றவைப்பார். டைனமோ போனால் மாருதி ஆல்டர்னேட்டருக்கு ஒரு பிடிமானம் அடித்து மாட்டுவார். பெட்ரோல் பம்ப் கிழிந்தால் கரண்டு பம்ப். 13 அங்குல ரிம் என்பதால் ரேடியல் டயர் கிடைத்தது, பிழைத்தோம்.

2018ல் நாங்கள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது அவர் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். எடுத்த விரலில் கெட்டியாகக் கிரீஸ்.

"எவம்ல இதுல கிரீஸ் அடிச்சான்?"

"இழுத்துட்டு வாறதுக்கு முந்தி ஒரு பட்டறைல சர்வீஸ் பண்ணுனோம் அண்ணாச்சி."

"இதுக்குக் கிரீஸ் கூடாது. 90 நம்பர் ஆயில்தான்."

அந்த இடத்துக்கு டிரனியன் என்று பேர். முன் சக்கரத்தைத் தாங்குகிற நெட்டுத் தண்டின் அடி நுனியில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் தண்டு சுழலும். எண்ணெய் என்றால் மரையின் இடுக்கெல்லாம் இறங்கும். கிரீஸ் மேலேயே கெட்டியாகி நின்றுவிடும். தண்ணீர் புகுந்து உள்ளே துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். மலை ரோட்டில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு உழக்கு எண்ணெய்கூட வேண்டாம், ஆனால் விஷயம் தெரிந்த கை வேணும்.

இப்போ வழக்குக்கு வருகிறேன். போன வருஷம் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தது. ஆயில் குடிக்கிறது. வால்வுச் சீட்டும் அடி வாங்கியிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்த எஞ்சின் அது. 2000ல் நாடு முழுக்க ஈயத்தை எடுத்துவிட்டார்கள், அது நல்லதுக்குத்தான். இப்போ பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய், டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறிக் கெட்டுப்போகிறது. எத்தனாலில் பாதி கதை கரும்பில்தான் இருக்கிறது. கரும்பு போட்ட சம்சாரிக்கு நல்ல காலம் வரட்டும் என்று நானே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தக் கரும்பு இப்போ என் கார் ரப்பரைத் தின்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகன் ஒரு வழி சொன்னான். "எப்பா, மாருதி 800 எஞ்சினும் கியர் பாக்ஸும் பழசு கிடைக்கும். சேஸ்ல பிடிமானம் அடிச்சு எறக்கிருவோம். அகல டயர், முன்னால டிஸ்க் பிரேக். பாக்குறதுக்குப் பழசு, ஓட்டுறதுக்குப் புதுசு." கணக்கும் போட்டுக் காட்டினான். பழைய எஞ்சினைப் பிரித்துச் செய்வதைவிடச் செலவு குறைவு. கார் சாகுபடியில் வந்ததில் மிச்சம் எவ்வளவு என்று அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும். (கார் என்றால் இங்கே கார் பருவ நெல், குழம்பிக்காதீர்கள்.) அம்மா மகன் பக்கம்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கரிவரதன் போட்டதும் அந்த எஞ்சின்தான். நான் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது ஞாபகம் வந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியின் கடைசிக் கதை.

கெசலுக்குப் பிறகு எட்டு வருஷம் அந்தக் கம்பெனி கார் செய்யவில்லை. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு இங்கிலாந்து ரோவர், பார்க்க ராஜா மாதிரி. உள்ளே போட்டதோ பழைய வேன்கார்டு காலத்து 1991 சிசி எஞ்சினைத் திருத்தியது. அந்த உடம்பை அந்த எஞ்சினால் இழுக்க முடியவில்லை. விலை அதிகம், பெட்ரோலும் அதிகம். வாங்க ஆள் இல்லை. 1988ல் உற்பத்தி நின்றது. புது உடம்பில் பழைய உயிரை வைத்தார்கள், கம்பெனியே போனது. என் மகன் பழைய உடம்பில் புது உயிரை வைக்கச் சொல்கிறான். கார் ஓடும். ஆனால் ஓடுவது எது?

சட்டமும் ஒன்று இருக்கிறது. எஞ்சினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றணும். 2021ல் மத்திய அரசு 50 வருஷம் தாண்டிய கார்களை வின்டேஜ் என்று பதியத் தனி விதி கொண்டுவந்தது. சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் அசலாக இருந்தால்தான் அந்தத் தகுதி. பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு என்று போகலாமே தவிர, நினைத்த நேரம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எடுக்க முடியாது. அதனால் நான் இன்னும் அதில் பதியவில்லை. சாதாரணக் காராகவே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறேன். ஆனால் எஞ்சினை எடுத்துவிட்டால் அந்தக் கதவு என் பேரனுக்கும் சேர்த்து மூடிவிடும்.

இரண்டு பேரும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. தன் பங்குக்கு ஒரு கணக்குச் சொன்னார். "ஆல்டர்னேட்டர நானே மாத்துனேன். நாளைக்கே கழட்டி டைனமோவ மாட்டலாம். கரண்டு பம்பும் அப்படித்தான். திரும்பி வர வழி இருக்குற மாத்தம் பராமரிப்பு. சேஸை அறுத்துட்டா திரும்பி வர வழி கெடையாது." பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார். "ஏ மாப்ள, எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. இந்த எஞ்சின ஒரு தடவதான் இனி என்னால பிரிச்சுப் பூட்ட முடியும். நீ கூட உக்காந்து கத்துக்கிடுறதா இருந்தா செய்யுதேன். இல்லன்னா மாருதியவே போடு, நான் வருத்தப்பட மாட்டேன்."

அந்த வார்த்தைக்கு மகன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பைக்கிலும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவன் நாலு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். முதல் வாரம் ஹெட்டைக் கழற்றினார்கள். அடுத்த வாரம் பிஸ்டன். ஒவ்வொரு சாமானையும் போன்ல படம் எடுத்து, அண்ணாச்சி சொல்வதை அப்படியே பதிவு செய்கிறான். போன வாரம் டிரனியனைப் பிரித்தார்கள். மரையில் துரு தொட்டிருந்தது, ஆனால் முறியவில்லை. அண்ணாச்சி ஆயில் கேனை அவன் கையில் கொடுத்து, "எவ்வளவு விடணும்னு நீயே பாத்துக்கோ" என்றார். கீழே கசிகிற வரைக்கும் விட்டான். அதுதான் சரியான அளவு.

முன் டிஸ்க் பிரேக் ஆசையை அவன் இன்னும் விடவில்லை. இங்கிலாந்திலேயே பிற்காலத்து ஹெரால்டுகளுக்கு அது உண்டு, சேஸை அறுக்காமல் மாட்டலாம் என்று வாதாடுகிறான். புளியரை வளைவை நினைத்து அதற்குச் சரி என்றுவிட்டேன். செலவுக்கு வைக்கோல் விற்ற காசு இருக்கிறது. மீதிக்கு அவன் அம்மாவிடம் அவனே பேசட்டும்.

பிசான நடவு முடிந்ததும் எஞ்சினைப் பூட்டி விடுவார்கள் என்று நினைக்கிறேன். பூட்டியதும் முதல் ஓட்டம் புளியரைக்குத்தான், அண்ணாச்சியை முன் சீட்டில் வைத்து. குற்றாலம் வருகிறவர்கள் தொழுவத்தை எட்டிப் பாருங்கள். கார் இல்லை என்றால் மலையில் இருக்கிறோம் என்று அர்த்தம்.